உனக்கென்று நான் கோடு போட்ட சுவர்

பிரபு, இதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து படி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிற கடிதம் இது. எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று, படிக்க உனக்கு அரை மணி நேரமாவது ஆகட்டும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் நம் தெருப் பிள்ளைகள் வருஷா வருஷம் போடுகிற மலரில் எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. உனக்கு நான் செய்த ஒரு காரியத்தை வீட்டுக்குள் வைத்துச் செய்யவில்லை, ஒரு பள்ளிக்கூடமே பார்க்கச் செய்தேன். அன்று பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்றும் இதே தொம்மலூரில்தான் இருக்கிறார்கள். மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும், அவர்களும் படிக்கட்டும். முதலில் வாயால் சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கிண்டல்தான் வருகிறது, இருபத்து நாலு வருஷப் பழக்கம். போன வாரம் சொல்லியே தீருவது என்று உன் எதிரில் வந்து உட்கார்ந்தேன். "மாப்ள சார், மூக்குல சிமெண்ட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீயும் மூக்கைத் துடைத்தாய். மூக்கில் ஒன்றும் இல்லை.

இதை எழுத வைத்தது ஷோபா. கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாளே, அன்றைக்கு. நீ வேலைக்குப் போயிருந்தாய். வந்த வேலை முடிந்தும் அவள் கிளம்பவில்லை. பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு. இப்ப கோச்சுக்கல, கல்யாணத்துக்கு அப்புறம் மொத்தமா கோச்சுக்கறேன்."

"அவர சின்ன வயசுல ரொம்ப அடிச்சீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, அப்படிச் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. இந்தச் சட்ட உங்களுக்கு நல்லா இருக்குன்னு நான் சொன்னா, 'நெஜமாவா, சும்மா சொல்றியா?'ன்னு கேக்கறாரு. உங்களத்தான் கட்டிக்குவேன்னு எங்க வீட்ல சண்ட போட்டேன், அதச் சொன்னாலும் 'நெஜமாவா?'ங்கறாரு. இப்ப சைட்ல இன்சார்ஜ் வேலைக்கு இஞ்சினியர் அவரக் கூப்பிட்டிருக்காரு. 'சும்மா என் வாயக் கிளறிப் பாக்கறாரு'ன்னு சொல்லிட்டு பதிலே சொல்லாம திரியறாரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம். ஏன் அத்தை அவரு யாரையுமே நம்ப மாட்டேங்கறாரு?"

"நான் அடிக்கலம்மா" என்றேன். "சிரிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அவள் கொடுத்த அளவு ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். தொண்ணூற்று இரண்டு வாக்கில். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் மாற்றலாகிப் போனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கடைசி பீரியடில் மணி அடிக்கும்வரை மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் கூரை ஓடு நகர்ந்தது. ஹெட்மிஸ் என்னைக் கூப்பிட்டு, "ஆயாம்மா, பெல் அடிக்கற வரைக்கும் இதுங்கள வெளில வெச்சுப் பாத்துக்கோ. என்ன வேணா பண்ணு. என் காதுல மட்டும் விழக் கூடாது" என்றார். பெருக்குகிறவள், துடைக்கிறவள், மணி அடிக்கிறவள், அன்றிலிருந்து கிரிக்கெட் வாத்தியாரும் ஆனேன். எனக்கு அந்த ஆட்டம் தெரியும். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்து வெற்று நிலத்தில் உன் மாமன்மார் மூன்று பேரும் ஆடினார்கள், பந்து பொறுக்க நான். ஆள் குறைந்தால் என்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு லாயக்கில்லாத பொடிசு அழக் கூடாது என்பதற்காக உள்ளே சேர்த்துக்கொள்வது. அந்தப் பொடிசு ஓடலாம், பிடிக்கலாம், அடிக்கலாம். அடித்தது எண்ணிக்கையில் வராது, அவுட்டானாலும் அவுட் இல்லை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

கற்றுக்கொடுப்பதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை, அதை நானே சொல்லிக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் பந்தைக் கண்டால் பயம். அதனால் முதல் பதினைந்து நாள் பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. அப்புறம் ரப்பர் பந்து, அதையும் தரையோடு உருட்டித்தான் விடுவேன். அப்புறம்தான் ஒரு குத்துக் குத்தி எழும்புகிற பந்து. உன் அப்பா பெயிண்ட் வேலைக்குப் போன இடத்திலிருந்து கொண்டுவந்த பலகையைச் செதுக்கி மட்டை செய்து கொடுத்தார். "பக்கவாட்டுல வீசாத, தரையில தண்ணியத் தள்ளற மாதிரி நேராத் தள்ளு" என்பேன். கேட்ச் பிடிக்க, "சுடச்சுட இட்லி கையில விழுந்தா கையை இறக்குவ இல்ல, அப்படி இறக்கிக்கிட்டே வாங்கு. புடுங்காத" என்பேன். பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாரும் எறும்பு மாதிரி ஓடினார்கள். ஆளுக்கு ஒரு வட்டம் சாக்கட்டியில் போட்டு, வட்டத்தை விட்டு வெளியே வந்தால் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று ஓட வைத்தேன். மூன்று மாதத்தில் அதுங்கள் ஆடின ஆட்டத்தைப் பார்க்க வாசலில் ஆட்டோக்காரர்கள் நின்றார்கள். உருது பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, நம் பிள்ளை எல்லாருக்கும் என் இட்லி புரிந்தது.

உனக்கு மட்டும் நான் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை.

நீ எல்லாரையும்விடப் பொடியன். முதல் நாள் முதல் பந்தில் அவுட் ஆனாய். மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டாய். "அவுட் இல்ல, அவுட் இல்ல" என்று காலை உதைத்து அழுதாய். மற்றப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போகட்டும் என்று உனக்கு இன்னொரு தடவை கொடுத்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூட வாசல் கேட் பக்கத்தில் ஒரு பிள்ளையின் அம்மா, என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்: "ஆயாம்மா புள்ளைக்கு மட்டும் ரெண்டு தபா பேட்டிங்காமே. மத்ததுங்கள்லாம் யாரோ பெத்ததுங்களா?" எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் நீ தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் பிள்ளைகளை வட்டமாகக் கூப்பிட்டேன். "இங்க பாருங்க. பிரபு ஒப்புக்குச் சப்பாணி. அவன் அடிச்சா எல்லாரும் கை தட்டணும், எண்ணிக்கையில சேக்கக் கூடாது. அவுட் ஆனா நான் நோ-பால்னு சொல்லுவேன், யாரும் சிரிக்கக் கூடாது. முக்கியமா அவன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இப்படி ஒரு ரகசியம் எந்த வகுப்பில் கிடைக்கும்? கன்னடம் பேசுகிற ஐந்தாம் வகுப்பு நாகராஜ்தான் அப்போது கேப்டன். அவன் ஒருத்தன்தான் யோசித்தான். "அவனுக்குத் தெரிஞ்சா பேஜார் ஆயி அழுவான் இல்ல ஆயாம்மா?" என்றான். "தெரிஞ்சாத்தானே?" என்றேன் நான்.

மற்றவர்கள் அடித்த ரன்னை அடுப்புக்கரியால் கக்கூஸ் சுவரில் கோடு போட்டு எண்ணுவேன், மணி அடித்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். உன் ரன்னை அங்கே போட முடியாது, எண்ணிக்கை குழம்பிவிடும். அதனால் பின்னால் சாமான் அறையின் சுவரைக் காட்டி, "உனக்குத் தனிச் சுவர்டா ராஜா" என்றேன். உன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர், உனக்கு மட்டும் ஒரு முழுச் சுவர். அதைத் துடைக்கவும் வேண்டியிருக்கவில்லை, அதை வைத்து யாருக்கும் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. நாளுக்கு நாள் கோடு ஏறிக்கொண்டே போயிற்று. மணி அடித்த பிறகும் நீ போய் நின்று விரலை வைத்து எண்ணுவாய். எண்ண முடியாமல் நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "இன்னிக்கு நான் பதினாலு. அப்சல் ரெண்டுதான்பா" என்பாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன். ஒரு நாள் உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இது நல்லா இல்லடி. நிறுத்திடு" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தமாஷ் தெரியாது என்று நான் அதையும் ஒரு தமாஷாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிரபு, இது வரைக்கும் நான் சொன்னது, கேட்டால் யாரும் மன்னிக்கக் கூடியதுதான். பிள்ளை அழுதது, ஒரு பொம்பிளை வாயை வைத்தாள், அம்மா ஒரு உபாயம் பண்ணினாள். அப்படித்தான் எனக்கு நானே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. ஒரு மாதத்திலேயே நீ அழுவதை நிறுத்திவிட்டாய். அப்போதே உன்னை எல்லாரையும் போல ஆட விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பகல் முழுக்கத் துடைப்பமும் வாளியுமாக இருக்கிறவள், டீச்சர்மார் என்னைக் கடந்து போகும்போது பேச்சை நிறுத்தக்கூட மாட்டார்கள். அந்த ஒரு பீரியடில் மட்டும் நாற்பது பிள்ளைகள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், நான் எப்போது கண்ணடிப்பேன் என்று. நீ ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாய், நான் "நோ-பால்!" என்பேன், உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்தது உன்னை.

இதில் இன்னொன்றும் நடந்தது, வாத்தியாராக நான் அதைக் கண்ணால் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் அவுட் ஆனார்கள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள், நான் போய்ப் பக்கத்தில் குந்தி, "தலையைத் தூக்கினியா? அதான். அடுத்த தடவ பந்து மட்டையில படற வரைக்கும் பாரு" என்பேன். அடுத்த தடவை பார்த்தார்கள், அடித்தார்கள். நீ அவுட்டே ஆகவில்லை, அதனால் உன் பக்கத்தில் நான் ஒரு நாளும் குந்தவில்லை. வருஷக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் நேராக ஆடினார்கள், நீ மட்டும் முதல் நாள் வீசின மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு வீசினாய்.

பிப்ரவரியில் அல்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆட வருகிறார்கள் என்று ஏற்பாடு ஆயிற்று. பதினோரு பேரைப் பொறுக்க வேண்டும். முந்தின நாளே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டாய், கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டாய். "முதல்ல நான்தானேம்மா எறங்கணும்?" என்று கேட்டாய். "பாக்கலாம் வாடா" என்றேன். பள்ளிக்கூடத்து முற்றத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்திப் பேர் சொன்னேன். பதினோரு பேரும் ஆயிற்று. உன் பேர் இல்லை. பிறகு, "பிரபு, நீ தண்ணிப் பானையப் பாத்துக்கோ. அதான் முக்கியமான வேல" என்றேன்.

நீ அழவில்லை. நிதானமாகச் சொன்னாய்: "அம்மா, என் சுவத்துலதான் கோடு எல்லாரையும்விட நெறய இருக்கு. வேணா எண்ணிப் பாரு."

 நாகராஜ்தான் வாயைத் திறந்தான். கேலி பண்ணவில்லை அவன், இப்போது நினைத்தால் எனக்குத் தெரிகிறது, அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "லேய் பிரபு, அதெல்லாம் சும்னே, சும்மா போட்ட கோடு கணோ. உன் ரன்னு எதுவும் சேத்தி இல்ல. நீ ஒப்புக்குச் சப்பாணி. மொதல்லேருந்தே" என்றான். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த நாற்பது சிரிப்பும் அப்போது ஒன்றாக வெடித்தது. நீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

நானும் சிரித்தேன், பிரபு.

எதற்குச் சிரித்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வெட்கம்தான். என்ன செய்வது என்று தெரியாதபோது என் முகம் தானாகச் சிரிக்கும், அது உனக்கே தெரியும். என் அம்மா செத்த வீட்டிலேயே நான் சிரித்தேன் என்று உன் மாமன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? அம்மாவும் சிரிக்கிறாள், அது மட்டும்தான் தெரியும். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, அப்பாடா, பையன் தமாஷாக எடுத்துக்கொண்டான், என் பிள்ளையாயிற்றே என்று எனக்கு நிம்மதி வந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு நான் எழுந்து போனது எனக்கு வந்த அந்த நிம்மதியை நினைத்துத்தான். அன்று முழுக்க நீ பானையைத் தூக்கிக்கொண்டு நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் கொடுத்தாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாம் ஜெயித்தோம். எல்லாரும் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், நான் கனம், முடியவில்லை. மறுவாரம் ஆண்டு விழாவுக்காகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடிக்க வந்தவர்களில் உன் அப்பாவும் ஒருத்தர். சாமான் அறைச் சுவருக்கு மட்டும் அவர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று கை அடித்தார். கேட்டதற்கு, "கரி மறைய மாட்டேங்குது" என்றார்.

அதற்குப் பிறகு நீ மட்டையைத் தொடவே இல்லை. "எனக்குக் கிரிக்கெட் புடிக்காது" என்றாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் நீ முதல் மார்க் வாங்கி அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாய். கொடுத்துவிட்டு, "டீச்சர் நெஜமாப் போட்டதா, நீ சொல்லிப் போடச் சொன்னியா?" என்று கேட்டாய். என்னை மாதிரியே கிண்டல் பேசுகிறாய் என்று நினைத்து உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். ஷோபா அன்று வந்து சொன்னபோதுதான் அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து இன்று வரை நீ கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரே கேள்விதான். இந்தக் கோடு எந்தச் சுவரில் போட்ட கோடு என்று கேட்கிறாய்.

என்னையும் ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் ஆட விட்டார்கள் என்று மேலே சொன்னேன். ஆனால் உன் மாமன்மார் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் விட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்து சிரித்துக்கொண்டு ஆடினேன், அதில் வலி இல்லை. உனக்குத் தெரியாது. நீ உண்மையாக ஆடினாய். ஒரே விளையாட்டுத்தான், ஆனால் ஒருத்திக்கு அது விளையாட்டாக இருந்தது, இன்னொருத்தனுக்கு அது ஏமாற்றாகிவிட்டது.

அந்த வருஷத்துக்குப் பிறகும் எட்டு ஒன்பது வருஷம் நான் அந்த முற்றத்தில் சொல்லிக்கொடுத்தேன், புது வாத்தியார் வருகிற வரைக்கும். என் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று வைத்துவிட்டேன். பொடிசாக இருந்தால் பெரிய பந்து போடுவேன், பக்கத்தில் நின்று மெதுவாகப் போடுவேன். ஆனால் அவுட்டென்றால் அவுட். அழட்டும், காலை உதைக்கட்டும், நான் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வேன். எத்தனை பிள்ளைகள் பக்கத்தில் குந்தினேனோ கணக்கில்லை, அதில்தான் முழங்கால் போயிற்று என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன். உனக்குச் செய்ததற்கு இது பரிகாரம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எப்படி ஆகும்? ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நான் குந்தினால் என் பிள்ளைக்கு ஆறுமா? உன் பக்கத்தில் வந்து குந்த எனக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று. இந்தக் கடிதம்தான் அது.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கிண்டல் பண்ணு, அது இல்லாமல் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் யாரைக் கிண்டல் பண்ணுகிறாயோ அவர்களும் அதில் கூட இருக்க வேண்டும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணடிக்காதே. உன் பிள்ளை அழுகிறது என்பதற்காக அதனிடம் பொய்யாக ஜெயித்தாய் என்று சொல்லாதே. தோற்றால் தோற்றாய் என்று சொல்லிவிட்டுக் கூட உட்கார்ந்துகொள். ஷோபா சொன்னால் நம்பு. அவள் நான் இல்லை. அவள் சட்டை நன்றாக இருக்கிறது என்றால் சட்டை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை அவளுக்குக் கொடுக்காதே. இன்சார்ஜ் வேலைக்கு நீ லாயக்கா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் என் வாய்க்கு மதிப்புக் கிடையாது, நானே கெடுத்துக்கொண்டது. போய் உன் அப்பாவைக் கேள். தமாஷ் தெரியாத மனுஷர். அவர் "ஆமாம்" என்றால் ஆமாம்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். அந்தச் சுவரில் ஒரு கோடு உண்மையானது. ஒரு நாள் ஹெட்மிஸ் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் ஒழுங்காகப் பந்து போட்டேன், எல்லாருக்கும் போடுகிற வேகத்தில். நீ கண்ணைத் திறந்துகொண்டு நேராகத் தள்ளினாய். பந்து என் காலுக்குப் பக்கத்தில் போய், வாளியைத் தட்டிவிட்டு, வாசல் கேட் வரைக்கும் ஓடிற்று. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்சல் துரத்திக்கொண்டு ஓடினான், அவனால் பிடிக்க முடியவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன். "இது என்னம்மா?" என்று கேட்டாய். "திருஷ்டிப் பொட்டு" என்றேன். "நெஜமாவா?" என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. காட்டலாம் என்றால் சுவரில் மூன்று கை சுண்ணாம்பு. என்னை நம்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

அதனால் இப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு வா. இப்போது இருக்கிற ஹெட்மிஸ்ஸிடம் கேட்டுச் சாவி வாங்கி வைத்திருக்கிறேன். உன் அப்பா புது மட்டை செதுக்கியிருக்கிறார், பரண் மேல் இருக்கிறது, பார்க்காத மாதிரி இரு. உனக்கு ஆறு பந்து. ஷோபா விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பாள். பந்து போடுவது நான். முழங்கால் வலிதான், ஆனாலும் மெதுவாகப் போட மாட்டேன், துணிப் பந்தும் கிடையாது. அம்பயராக நிற்கப் பஞ்சர் கடை நாகராஜிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷமாக உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்ததாம். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, இந்தக் கடிதத்தை யாராவது படித்துச் சொல்வார்கள். அவன் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நாற்பது பேரில் அன்று உன்னிடம் உண்மையைச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.

முதல் பந்திலேயே நீ அவுட் ஆகலாம். அப்போது அவன் கையைத் தூக்குவான். என் முகத்தைப் பார்க்காதே, என் முகத்தில் நோ-பால் இருக்காது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார். நான் வந்து பக்கத்தில் குந்துகிறேன், எழுந்திருக்க மட்டும் நீ கை கொடுக்க வேண்டும். அடித்தாயானால் அதைச் சுவரில் போட வேண்டும், எல்லாரும் பார்க்கிற முன் சுவரில். கரித்துண்டை நாகராஜிடம் கொடுத்துவிட்டேன். நான் தொட மாட்டேன்.